ஹெஸ்டர் எழுதிய மரண தேதி

தன் அண்ணன் இறந்த தேதியை ஹெஸ்டர் ரிக்சன் தன் கையாலேயே எழுதினாள். 1924 அக்டோபர், ஒரு செவ்வாய்க்கிழமை, காலைச் சாப்பாடு முடிந்த கையோடு. அப்போது அவளுக்கு முப்பத்தாறு வயது.

அயர்லாந்தில், கார்க் மாவட்டத்தின் வடக்கே, பிளாக்வாட்டர் ஆற்றைப் பார்த்த மேட்டில் இருந்தது அவர்களுடைய ராத்பான் வீடு. இங்கிலாந்திலிருந்து படையோடு வந்து, நிலம் வாங்கி, அப்படியே தங்கிவிட்ட புராட்டஸ்டன்ட் குடும்பம். இருநூற்றைம்பது வருஷமாக ரிக்சன்கள் ஒரு வழக்கத்தை மாற்றியதே இல்லை. மூத்த மகன் பட்டாளத்துக்குப் போவான். இளையவன் டப்ளின் பல்கலைக்கழகத்துக்குப் போவான். அப்பாவின் படிப்பறைச் சுவரில் ஓர் ஆள் உயரத்துக்குத் தொங்கிய வம்சத்தாளில் அத்தனை பேரும் இருந்தார்கள். ஸ்பெயினில் குண்டடிபட்டவர், மதராஸில் காலராவில் போனவர், எபிரேய இலக்கணம் எழுதியவர், வால்நட்சத்திரத்தைத் தேடித் தேடிக் கண்ணைக் கெடுத்துக்கொண்டவர். பெண்களுக்குப் பிறந்த வருஷமும் கட்டிக்கொண்டவன் பெயரும் மட்டும்தான். ஹெஸ்டர் கட்டிக்கொள்ளவில்லை. அதனால் அவளுக்கு வருஷம் மட்டும்.

அவளுக்கு முன்னால் இரண்டு அண்ணன்கள். மூத்தவன் ரிச்சர்ட் 1915-இல் துருக்கியில், கலிப்போலிப் போரில் செத்தான். இளையவன் லயனல் டப்ளினில் கணிதம் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தான். ரிச்சர்டின் இரங்கல் கூட்டம் முடிந்த வாரமே அப்பா, கர்னல் ஆர்தர் ரிக்சன், லயனலுக்கு ஒரு கடிதம் போட்டார். "படைப்பிரிவில் ரிக்சனின் இடம் காலியாக இருக்கிறது." அவ்வளவுதான் கடிதம். லயனல் போனான்.

1918 வசந்தத்தில் அப்பா ஒருநாள் கார்க் நகரத்துக் கிளப்புக்குப் போய்விட்டு வந்தார். மேல்கோட்டைக் கழற்றாமலே நின்றுகொண்டு சொன்னார், "லயனலைக் காணோமாம். தந்தி அங்கேதான் வந்தது." ஹெஸ்டர் அந்தத் தந்தியைப் பார்க்கவில்லை. கேட்கவும் இல்லை. அந்த வீட்டில் அப்படிக் கேட்கிற வழக்கம் கிடையாது.

ஆறு வருஷம் கழித்து லண்டனிலிருந்து ஒரு படிவம் வந்தது. நிலக்காரக் குடும்பங்களின் வம்சாவளிகளைத் தொகுத்து அச்சிடுகிறவர்கள், புதிய பதிப்புக்காகப் பிறப்பு இறப்பு விவரங்களைக் கேட்டிருந்தார்கள். அப்பாவுக்குக் கை நடுக்கம். ஹெஸ்டர்தான் எழுத உட்கார்ந்தாள்.

"லயனல். 1918 மார்ச் 21. போர்க்களத்தில் வீர மரணம்" என்றார் அப்பா.

பேனா நின்றது. "அப்பா, காணோம்னுதானே சொன்னாங்க?"

"ஆறு வருஷமா காணோம். இன்னும் எத்தனை வருஷம் தேடப் போற? எழுது."

எழுதினாள். அன்று சாயங்காலமே சுவரில் இருந்த வம்சத்தாளிலும் எழுதினாள். நவம்பரில் தேவாலயச் சுவரில் பளிங்குப் பலகை வைத்தார்கள். அண்ணன் தம்பி இரண்டு பெயரும் ஒன்றன்கீழ் ஒன்றாக. போதகர் வாசித்தபோது அப்பா நிமிர்ந்தே நின்றார். வெளியே வந்ததும் வாசலில் நின்ற ஊர்க்காரர்கள், எல்லோரும் கத்தோலிக்கர்கள், தொப்பியைக் கழற்றினார்கள். ஆனால் ஒருவரும் ஹெஸ்டரின் முகத்தைப் பார்க்கவில்லை. கொல்லன் பட்டறையில் இருந்தவர்கள் அவள் வண்டியைக் கண்டதும் பேச்சை நிறுத்தினார்கள். தபால் நிலையத்திலும் அப்படியே. துக்கத்துக்குக் கொடுக்கிற மரியாதை என்று நினைத்துக்கொண்டாள்.

அந்தக் குளிர்காலத்தில்தான் அது தொடங்கியது.

லயனலின் புத்தகங்கள் வீட்டு நூலகத்தின் ஜன்னலோரம் இரண்டு அலமாரி நிறைய இருந்தன. சனிக்கிழமை காலையில் அவற்றைத் தூசி தட்டுவது ஹெஸ்டரின் வேலை. வேறு யாரையும் தொட விடமாட்டாள். டிசம்பரில் ஒரு சனிக்கிழமை, நீல அட்டை போட்ட ஒரு கணித நூல் தலைகீழாக இருந்தது. நிமிர்த்தி வைக்க எடுத்தவள் திறந்து பார்த்தாள். அந்தப் பக்கம் அவளுக்குத் தெரியும். மாணவனாக இருந்தபோது லயனல் ஒரு கணக்கின் கீழே பென்சிலால் "தோற்றேன்" என்று எழுதியிருந்த பக்கம். அதைக் காட்டிக் காட்டி அவனைக் கேலி செய்திருக்கிறாள்.

இப்போது அந்தச் சொல்லின் கீழே, பக்கத்தின் ஓரம் முழுவதும், கணக்கு போட்டு முடிக்கப்பட்டிருந்தது. புதுப் பென்சில். ஏழு என்ற எண்ணுக்கு நடுவில் குறுக்குக் கோடு போட்டிருந்தது. அவள் அறிந்தவர்களில் லயனல் ஒருவன்தான் அப்படிப் போடுவான்.

புத்தகத்தை மூடி வைத்துவிட்டு வெளியே வந்து, மாடிப்படியின் முதல் படியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தாள்.

அடுத்த வாரம் வேறொரு புத்தகம் இருந்த இடம் காலியாக இருந்தது. பதினைந்து நாள் கழித்து அந்தப் புத்தகம் திரும்ப வந்திருந்தது. அதிலும் பென்சில் எழுத்து. யாரிடம் சொல்வது? அப்பாவிடம் சொல்ல முடியாது. போதகரிடம் சொன்னால் மாத்திரை சாப்பிடச் சொல்வார். நடைவழியில் பகலிலேயே திரும்பித் திரும்பிப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். நூலகத்துக்குள் போனால் யாரோ அப்போதுதான் எழுந்து போன மாதிரி இருக்கும். மரணத்தை எழுதியதால்தான் வந்துவிட்டான் என்று அவள் மனசுக்குள் ஒன்று பிடித்துக்கொண்டது. எழுதாதவரை அவன் பாட்டுக்கு எங்கேயோ இருந்தான். நான்தான் அவனை முடித்து வைத்தேன். முடியாத கணக்கை முடிக்க வந்திருக்கிறான்.

ஒரு சனிக்கிழமை அலமாரியில் காலியாக இருந்த இடத்தைப் பார்த்து வாய்விட்டே கேட்டாள், "லயனல், நான் எழுதினது தப்பா?"

ஒரு துண்டுக் காகிதத்தில் "எங்கே இருக்கிறாய்?" என்று எழுதி, அவன் இன்னும் எடுக்காத ஒரு புத்தகத்துக்குள் வைத்தாள். பிப்ரவரியில் அந்தப் புத்தகம் போய்த் திரும்பி வந்தது. காகிதம் இல்லை. புரட்டிப் பார்த்தபோது இரண்டு பக்கங்களுக்கு நடுவே பளபளவென்று ஒரு மீன் செதில் ஒட்டியிருந்தது. புத்தகத்தை முகத்தோடு வைத்து மோந்தாள். சதுப்புக்கட்டிப் புகை வாசம். ராத்பானில் எரிப்பது நிலக்கரியும் விறகும். சதுப்பு நிலத்தில் வெட்டிக் காயவைத்த மண்கட்டியை எரிப்பது ஏழை வீடுகளில்தான்.

பேய் மீன் சாப்பிடாது. ஹெஸ்டர் புத்தகத்தை எடுத்துக்கொண்டு நேராகச் சமையலறைக்குப் போனாள்.

அங்கே நோனி கர்ட்டின் வாத்துக்கு இறகு பறித்துக்கொண்டிருந்தாள். இருபத்தெட்டு வருஷமாக அந்த வீட்டுச் சமையல்காரி. லயனலுக்கு அம்மை போட்டபோது கூடவே இருந்து பார்த்துக்கொண்டவள் அவள்தான். புத்தகத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றது.

"இது எங்க போயிட்டு வருது, நோனி?"

"எது சின்னம்மா?"

"நடிக்காத. வெள்ளிக்கிழமை மீன் கொண்டு வராரே உன் தங்கச்சி புருஷன், அவர் கூடையிலதானே போகுது?"

நோனி மடியில் இருந்த வாத்தை மேசைமேல் வைத்தாள். இறகு ஒட்டிய கையை ஏப்ரனில் துடைத்தாள். "உக்காருங்க" என்றாள். பிறகு, "உயிரோட இருக்காரு. நல்லா இருக்காரு" என்றாள்.

ஹெஸ்டர் உட்காரவில்லை. மேசையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

"லீவு முடிஞ்சு கப்பல் ஏறப் போனவரு ஏறல. மேற்கே கேரிக் கடற்கரைப் பக்கம் நடந்தே போயிட்டாரு. அந்த வருஷம் செப்டம்பர்ல எனக்குச் சொல்லி அனுப்பினாரு. பொஸ்தகம் வேணும்னு கேட்டாரு. வேற ஒண்ணும் கேக்கல."

"ஏழு வருஷம்! ஏழு வருஷமா உனக்குத் தெரியுமா?"

"எனக்கு மட்டுமா? ஊருக்கே தெரியும்."

பட்டறையில் நின்றுபோன பேச்சும், தேவாலய வாசலில் குனிந்த தலைகளும் ஹெஸ்டருக்கு அப்போதுதான் விளங்கின. உயிரோடு இருக்கிறவனுக்குக் கல் வைத்ததை ஊரே நின்று பார்த்திருக்கிறது.

"எங்கிட்ட ஏன் சொல்லல? உங்கிட்ட சொன்னவன், எங்கிட்ட ஏன் சொல்லல?"

"கேட்டேன் சின்னம்மா. சின்ன துரை என்ன சொன்னாருன்னா... கோவிச்சுக்காதீங்க. 'அப்பா என்ன சொன்னாலும் ஹெஸ்ஸி எழுதிருவா'ன்னாரு."

அது, அவள் தேதி எழுதிய அக்டோபருக்கு வெகுகாலம் முன்பே சொன்ன வார்த்தை. ஹெஸ்டர் புத்தகத்தை மேசைமேல் வைத்தாள். பிறகு கேட்டாள், "அப்பாவுக்குத் தெரியுமா?"

"கப்பல் ஏறலைன்னு பட்டாளத்துலேருந்து அவருக்குத்தானே எழுதிருப்பாங்க?" என்றாள் நோனி. "வேற யாருக்கு எழுதுவாங்க?"

ஏப்ரலில், கார்க்கில் பல் மருத்துவரைப் பார்க்க வேண்டும் என்று அப்பாவிடம் சொல்லிவிட்டு, ஹெஸ்டர் கேரிக்கு ரயில் ஏறினாள். ரயிலுக்கு அப்புறம் கழுதை வண்டி, அதற்கப்புறம் நடை. கடலைப் பார்த்த சரிவில் நாலைந்து வீடுகள். கடைசி வீட்டுச் சுவரோரம் ஒருவன் வலையைப் பரப்பி ஓட்டை தைத்துக்கொண்டிருந்தான். தலை நரைத்திருந்தது. முப்பத்தொன்பது வயதுக்கு அது அதிகம். நிமிர்ந்து பார்த்தான். எழுந்திருக்கவில்லை.

"பல்லு எப்படி இருக்கு?" என்றான்.

நோனியின் செய்தி அவளுக்கு முன்னால் வந்துவிட்டிருந்தது. ஹெஸ்டருக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. அவன் பக்கத்தில் வலைமேலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அங்கே அவனை எல்லோரும் "மாஸ்டர்" என்றார்கள். லிஞ்ச் என்பது அவன் வைத்துக்கொண்ட பெயர். மீனவர்களுக்குக் கடல்வழிக் கணக்கும், பிள்ளைகளுக்குப் பெருக்கலும் சொல்லிக்கொடுத்தான். கோப்னெட் என்ற மீனவ விதவையைக் கட்டிக்கொண்டிருந்தான். எவ்லீன் என்று நாலு வயதில் ஒரு பெண் குழந்தை. கோப்னெட் தேநீரும் ரொட்டியும் வைத்துவிட்டு, ஹெஸ்டரின் காலணிகளை ஒரு தடவை பார்த்துவிட்டு உள்ளே போனாள்.

"என்ன தேதி போட்ட?" என்று கேட்டான் லயனல்.

"மார்ச் இருபத்தொண்ணு."

"அன்னிக்கு இங்க வேலி கட்டிட்டு இருந்தேன்."

"ஏன் லயனல்? பயந்தியா?"

அவன் ஊசியை வலையில் குத்தி வைத்தான். "பீரங்கிக்குத் தூரம் கணக்குப் போடுறது என் வேலை, ஹெஸ்ஸி. எங்க விழணும்னு சொல்லுவாங்க. கோணம் நான் சொல்லுவேன். ஒண்ணு தப்பினதில்ல. மெடல்கூடக் குடுத்தாங்க. அப்புறம் எங்க படை முன்னேறுச்சு. விழுந்த இடத்தை நடந்து போய்ப் பார்த்தேன்." வலையில் அடுத்த ஓட்டையை விரலால் தேடினான். "லீவு முடிஞ்ச அன்னிக்குக் கப்பல் சங்கு ஊதிச்சு. எந்திரிக்கணும்னுதான் நினைச்சேன். பெட்டி மேல உக்காந்தே இருந்தேன். கப்பல் போயிருச்சு."

"வீட்டுக்கு வந்துரு. நான் அப்பாகிட்ட பேசுறேன்."

"அவர் சொல்லி நீ எழுதின தேதி எனக்குச் சௌகரியமா இருக்கு. செத்தவனை யாரும் பிடிக்க வரமாட்டாங்க. அதை அப்படியே விடு."

ஊர் திரும்பியதும் அவள் அப்பாவிடம் பேசத்தான் செய்தாள். மாலைத் தேநீர் வேளையில் அந்த நீலப் புத்தகத்தை அவர் தட்டின் பக்கத்தில் திறந்து வைத்தாள். கர்னல் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பார்த்தார். குறுக்குக் கோடு போட்ட ஏழுகளின்மேல் அவர் விரல் ஒவ்வொன்றாகப் போனது.

"எப்பத் தெரியும் உனக்கு?" என்றார்.

"உங்களுக்கு எப்பத் தெரியும்பா?"

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "எனக்கு ரெண்டு பிள்ளைங்க. ரெண்டு பேரும் போர்ல செத்துட்டாங்க. இந்தப் பேச்சு இதோட முடிஞ்சுது."

முடியவில்லை. அன்றிலிருந்து அந்த வீட்டில் அலைந்தது அப்பாதான். விடிந்ததும் முன்வாசல் ஜன்னலுக்கு வந்துவிடுவார். "வெளிக்கேட்டுப் பக்கம் யாரோ நிக்கிறாங்க பாரு" என்பார். அவள் போய்ப் பார்த்தால் மழை பெய்துகொண்டிருக்கும். "இல்லப்பா." "நான் பார்த்தேனே? தொப்பி போட்டிருந்தான்." வெள்ளிக்கிழமைகளில் மீன் கூடை வருகிற நேரத்துக்குச் சமையலறைப் பக்கம் வந்து, ஒன்றும் சொல்லாமல் கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போவார். நோனி அவர் முதுகுக்குப் பின்னால் சிலுவை போட்டுக்கொள்வாள். ஒருமுறை அவர் படிப்பறையில் தனியாகப் பேசுவதை ஹெஸ்டர் கேட்டாள். படைக்கு உத்தரவு போடுகிற குரல். "ரிக்சன், உன் இடத்துக்குப் போ." கதவைத் திறந்தாள். வம்சத்தாளின் முன்னால் நின்றுகொண்டிருந்தார்.

1927 ஜனவரியில் படுக்கையில் விழுந்தார். ஒரு மத்தியானம் கண்ணைத் திறக்காமலே கேட்டார், "அவனுக்குப் பையன் இருக்கானா?"

"பொண்ணு. எவ்லீன்னு பேரு."

"ம்." சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். "யார் சாயல்?"

"அம்மா சாயல், அப்பா. நம்ம அம்மா."

நான்கு நாள் கழித்து அவர் உயிர் போனது.

அடக்கத்துக்குச் சுற்றுவட்டாரப் பெரிய வீடுகள் எல்லாம் வந்தன. அவர்கள் உள்ளே, பலகைக்கு நேராக உட்கார்ந்தார்கள். கத்தோலிக்க ஊர்க்காரர்கள் வழக்கம்போல வெளியே, கல்லறை மரங்களின் கீழே நின்றார்கள். புராட்டஸ்டன்ட் தேவாலயத்துக்குள் போக அவர்களுடைய சபை அவர்களை விடாது. சவப்பெட்டிக்குப் பின்னால் ஹெஸ்டர் வெளியே வந்தபோது தூறிக்கொண்டிருந்தது. கொல்லனுக்கும் நோனியின் தங்கை புருஷனுக்கும் நடுவில், தடித்த கம்பளிக் கோட்டில், தொப்பியை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு லயனல் நின்றிருந்தான்.

அவள் கால் ஒரு கணம் தடுமாறியது. அவ்வளவுதான். அதைப் பார்த்தவுடன் கொல்லன் அரை அடி முன்னால் வந்தான். பக்கத்தில் இருந்தவர்களும் நகர்ந்தார்கள். ஒருவரும் ஒருவரையும் பார்க்கவில்லை. தோள்கள் சேர்ந்து லயனலை மறைத்துக்கொண்டன. பின்னால் வந்த கர்னல்களும் பேராசிரியர்களும் அந்தக் கூட்டத்தைத் திரும்பியும் பார்க்காமல் கடந்து போனார்கள். எந்த அடக்கத்திலும் அவர்கள் அந்தப் பக்கம் பார்த்ததில்லை. லயனலோடு படித்த ஒருவர் அவனிடமிருந்து ஒரு கை தூரத்தில் நின்று குடையை விரித்தார். ஹெஸ்டர் குழியருகே போய், மண் எடுத்துப் போட்டாள். திரும்பிப் பார்த்தபோது மரத்தடியில் ஊர்க்காரர்கள் மட்டும் இருந்தார்கள்.

அதற்குப் பிறகு ஒன்பது வருஷம் ஒவ்வொரு கோடையிலும் கேரிக்குப் போனாள். 1936-இல் லயனல் நுரையீரல் காய்ச்சலில் போனான். லிஞ்ச் என்ற பெயரில் புதைத்தார்கள். அடுத்த வருஷம் லண்டனிலிருந்து மறுபடியும் படிவம் வந்தது. இனி அவனைப் பிடிக்க யாரும் வரப் போவதில்லை. ஹெஸ்டர் எவ்லீனைக் கேட்டாள். அவளுக்கு அப்போது பதினாறு வயது.

"எழுதிக்கோங்க அத்தை. ஆனா அம்மா பேரையும் எழுதணும். எந்த ஊரு, யாரு பொண்ணுன்னு முழுசா."

முழுசாகவே எழுதினாள். முன்பு கொடுத்த தேதி பொய் என்றும், எழுதியது தான்தான் என்றும் சேர்த்து எழுதினாள். மூன்று வாரத்தில் மரியாதையான பதில் வந்தது. மாற்றுப் பெயரில் நடந்த திருமணத்தை ஏற்க வழியில்லை, காலஞ்சென்ற கர்னல் கையொப்பமிட்டுக் கொடுத்த விவரமே நிலைக்கும் என்றிருந்தது. பலகையை மாற்றச் சொல்லி தேவாலயக் குழுவிடம் போனாள். ஆறு பேர் கொண்ட குழு, எல்லோரும் கிழவர்கள். "இறந்தவங்களை எதுக்கு மிஸ் ரிக்சன் தொந்தரவு பண்ணணும்?" என்றார் போதகர். "அதைத்தான் நானும் கேக்குறேன்" என்றாள் அவள். பலகை மாறவில்லை. ஹெஸ்டர் அந்தத் தேவாலயத்துக்குப் போவதை நிறுத்தினாள்.

வம்சத்தாளில் எழுதுவதை மட்டும் யாரும் தடுக்க முடியாது. அதில் தான் முன்பு எழுதிய தேதியை அடித்துவிட்டுச் சரியானதை எழுதினாள். கோப்னெட்டை எழுதினாள், எவ்லீனை எழுதினாள். எழுதி முடித்துத் தள்ளி நின்று பார்த்தபோது நிம்மதி வரும் என்று நினைத்தாள். வரவில்லை. அடித்த தேதி அடித்த கோட்டின் கீழே தெளிவாகவே தெரிந்தது.

நோனி இறந்தபின் வீட்டை விற்றாள். வாங்கியவர்கள் கூரையைப் பிரித்து ஈயத்தை எடுத்துக்கொண்டார்கள். எவ்லீன் டப்ளினில் தாதிப் படிப்பு படித்து, லிவர்பூலுக்கு வேலைக்குப் போய்விட்டாள். அறுபதாவது வயதில் ஹெஸ்டர் ரிக்சன் இரண்டு பெட்டியோடு கேரிக்கு வந்து, கோப்னெட்டின் வீட்டில் இருந்துகொண்டாள். இரண்டு கிழவிகளும் எதற்கெடுத்தாலும் சண்டை போட்டார்கள். தேநீருக்கு எவ்வளவு தூள், கோழிக்கு எந்த மூலை, ஜெபம் எந்த மொழியில். ஊர் அவளை "மாஸ்டரோட தங்கச்சி" என்றது. பத்து வருஷம் அப்படி இருந்து, அங்கேயே இறந்துபோனாள்.

அவளுடைய கடைசி இலையுதிர் காலத்தில் ஒரு சாயங்காலம் இரண்டு பேரும் அடுப்பருகே உட்கார்ந்திருந்தார்கள். கதவின் தாழ்ப்பாள் கிளிக் என்று சத்தம் போட்டது. ஹெஸ்டர் பின்னலை மடியில் வைத்தாள்.

"காத்துதான்" என்றாள் கோப்னெட்.

"இல்ல. அவன்தான்."

கோப்னெட் கதவைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு அடுப்பில் இன்னொரு சதுப்புக்கட்டியைப் போட்டாள்.

"அவரா இருந்தா காலைத் துடைச்சிட்டு வரச் சொல்லுங்க" என்றாள். "இப்பத்தான் தரையைக் கழுவினேன்."